உப்புப் பார்க்காத கை

1993ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், உடுவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் ஊர் காங்கேசன்துறைப் பக்கம். இடம்பெயர்ந்து வந்து மூன்று வருஷமாகியிருந்தது. சீமெந்துத் தொழிற்சாலை வேலை போனபிறகு என் கணவருக்கு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகள் படித்த அந்தச் சிறிய பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதனால்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த படிப்புத் தவணையிலிருந்து பள்ளிக்கூடக் குசினியில் சமையலுக்கு நிற்பவர்கள் எல்லோரும் ஆறு நாள் பயிற்சி எடுத்து, கடைசி நாள் பரீட்சையில் தேறி, சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். இல்லாதவர்களின் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்களாம். பள்ளிக்கூட அதிபர் அதை வாசித்துக் காட்டும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷமாகக் குடும்பத்துக்குச் சமைத்தவள், கோயில் அன்னதானத்துக்குப் பெரிய கிடாரத்தில் சமைத்தவள், எனக்குச் சோறு வடிக்கப் படிப்பிக்கப் போகிறார்களா? ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. போனேன்.

பயிற்சி எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது, பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தோம். படிப்பிக்க வந்தவ ஓர் இளம் ஆசிரியை. நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனால் அவவின் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. முதல் நாள் முழுவதும் குளிர்சாதனப் பெட்டி. அதன் வெப்பநிலையை ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்துக் குறிக்க வேண்டும், கதவை அடிக்கடி திறக்கக் கூடாது, மீனை எந்தத் தட்டில் வைக்க வேண்டும், பாலை எந்தத் தட்டில் வைக்க வேண்டும்... குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று வருஷம். போத்தலில் திரி போட்டு எரிக்கிற மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நிற்கிறோம். கரும்பலகையில் குளிர்சாதனப் பெட்டியைப் படமாகக் கீறி, அந்தப் படத்தின் கதவைத் திறக்காதே என்று எங்களுக்குச் சொல்கிறார்கள்.

“ரீச்சர், அந்தப் பெட்டியைக் கண்டு மூண்டு வருஷமாச்சு. அதின்ரை கதவை நாங்கள் ஏன் திறக்கப் போறம்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை பாவம், “அக்கா, பரீட்சையிலை கேட்பினம், எழுதி வையுங்கோ” என்றா. எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி நீண்ட காலம் என்னிடம் இருந்தது.

இரண்டாம் நாள் கை கழுவுதல். சவர்க்காரம் தேய்த்து, இருபது வரை எண்ணி, முழங்கை வரை கழுவ வேண்டும். சவர்க்காரம் அன்றைக்கு என்ன விலை விற்றது என்று நினைக்கிறீர்கள்? பயிற்சிக்குக் கொடுத்த ஒரு கட்டியை நகத்தளவு துண்டுகளாக வெட்டிப் பங்கிட்டார்கள். சட்டி பானை கழுவச் சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு தகரப் பேணியில் வைத்தார்கள். அதை எப்போதும் வெளியே, கழுவுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். சாமான் பேணிகள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்றார்கள். ஆசிரியை கொப்பித் தாளில் அழகாக எழுத, சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டினோம். சீனி, உப்பு, மஞ்சள். பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு வந்துவிட்டேனோ என்று எனக்குப் பெருமூச்சு வந்தது. என் குசினியில் எந்தப் பேணிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது மூன்றாம் நாள். பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு கிடாரத்தையும் சோடியாகச் சமைத்த இருவரும் சுவைத்துப் பார்த்து, ‘சுவைத்துப் பார்த்தேன்’ என்று பதிவுக் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் சமைக்கும்போது யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. படைப்பதற்கு முன் எச்சில் படக்கூடாது என்று பழகியவர்கள். மணத்தை வைத்து, கொதியை வைத்து, கை அளவை வைத்துத்தான் சமையல். எனக்கு அதில் தனிப் பெருமை. உப்புப் பார்க்காமலே உப்பு அளவாகப் போடுகிற கை என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். ஆசிரியையிடம் எழுந்து நின்று சொன்னேன், எச்சில் பட்டதைப் பிள்ளைகளுக்குப் போட என்னால் முடியாது என்று. தனிக் கரண்டியில் எடுத்துத் தள்ளி நின்று பார்க்கலாமே என்று அவ கெஞ்சினா. நான் அசையவில்லை.

இந்த இடத்தில் குருநகர்ப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபோது எனக்குச் சோடியாக வாய்த்தவள் அவள். குருநகரில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். அங்கேயுள்ள பள்ளிக்கூடமொன்றில் சமைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். வாய் ஓயாது. சமைக்கத் தொடங்கியதிலிருந்து இறக்கும் வரைக்கும் ஒவ்வொரு சொட்டாக உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு ஓடிப்போய்க் கை கழுவுவாள். மறுபடி வந்து ஒரு சொட்டு. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். “பிள்ளையளுக்கு மிச்சம் இருக்குமோ?” என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, “உங்களுக்குக் கையிலையே நாக்கு இருக்கு அக்கா, எனக்கு வாயிலைதானே இருக்கு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அறவே பிடிக்கவில்லை. அவள் வெங்காயம் வெட்டுகிற விதத்தைத் திருத்தினேன், விறகு வைக்கிற விதத்தைத் திருத்தினேன். அவள் ஒருமுறை என்னைத் திருத்தப் பார்த்தபோது, அரை மணித்தியாலம் நின்று சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகு அவள் என்னைத் திருத்தவே இல்லை.

ஆறாம் நாள் பரீட்சை. அறுபது பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் ஒரு சோடி சமைக்க வேண்டும், மற்றச் சோடிகளுக்கு வேறு வேறு நாள். முதல் சோடி நாங்கள். பரீட்சை எடுக்க வந்தவர் ஒரு சுகாதாரப் பரிசோதகர். நனைந்த சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு தாள் கற்றையோடு விறாந்தையில் இருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, நான் விரதம் வேறு.

விடியவிருந்து மழை. விறகு நனைந்து, ஊதி ஊதி என் கண் இரண்டும் சிவந்துபோய்விட்டன. தீப்பெட்டியில் மிஞ்சியிருந்தது நாலைந்து குச்சி. பற்றவைக்கக் காய்ந்த தாள் ஒரு துண்டுகூட இல்லை. கண்ணில் பட்டது பேணிகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள்தான். நாலைந்தை உரித்தெடுத்து அடுப்புக்குள் வைத்தேன். எனக்குத் தெரியாத பேணியா? அடுப்பு எரிந்தது. வெளியே இருந்த சோடாத் தண்ணீர்ப் பேணிக்குள் மழை விழுகிறதென்று, அதையும் தூக்கி வந்து உள்ளே பலகையில் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்லுப்பை அப்படியே கறிக்குப் போடுவதில்லை. மண்ணும் தூசும் இருக்கும். தண்ணீரில் கரைத்து, மண் அடியில் படிந்தபிறகு, தெளிந்த உப்புத் தண்ணீரை மேலாக அள்ளி விடுவோம். அந்தப் பலகையிலும் உப்புத் தண்ணீர்ப் பேணி ஒன்று இருந்தது. பருப்பு வெந்து, மஞ்சளும் செத்தல் மிளகாயும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டபிறகு, புகைக்குள் கையை நீட்டி அகப்பையால் இரண்டு அகப்பை அள்ளி விட்டேன். பருப்பு கொஞ்சம் சிவப்பாக மாறியதுபோல இருந்தது. செத்தல் மிளகாய் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பதிவுக் கொப்பியை எடுத்து, ‘சுவைத்துப் பார்த்தேன்’ என்று எழுதியிருந்த இடத்துக்கு நேரே கையெழுத்து வைத்தேன். வாயில் ஒரு சொட்டும் வைக்கவில்லை.

பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் வந்துவிட்டார்கள். குருநகர்ப் பெண் வழமைபோல ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். உடனே திரும்பித் துப்பினாள்.

“அக்கா, நீங்கள் இதைப் பார்த்தனீங்களோ?”

“கையெழுத்து வைச்சாச்சு. கிடாரத்தைப் பிடியும்.”

“இல்லை அக்கா, ஒருக்கா...”

“வாயை மூடிக்கொண்டு பிடியும். பிள்ளையள் நிக்குதுகள்.”

பிடித்தாள். இருவருமாகத் துணியால் பிடித்து அடுப்பிலிருந்து தூக்கினோம். இரண்டு அடி வைத்திருப்போம். அவள் பக்கம் கை நழுவியது. கிடாரம் அவள் பக்கமாகவே சரிந்து, பருப்பு முழுவதும் நிலத்தில் கொட்டிப் பரவியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டுகளோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. பரிசோதகர் ஓடிவந்தார். “என்ரை கைதான் ஐயா வழுக்கிட்டுது, அக்காவிலை பிழையில்லை” என்று அவள் சொன்னாள். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆறு நாளும் இவளுக்குக் கவனமே இல்லை, கதைதான் என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

சோறு தனியாக இருந்தது. நான் தேங்காயைத் திருவி, செத்தல் மிளகாயோடு கல்லுப்பை அப்படியே உரலில் போட்டு இடித்து, பத்து நிமிஷத்தில் சம்பல் செய்து பிள்ளைகளுக்குப் போட்டேன். பரிசோதகர் என்னைப் பாராட்டினார். நான் சம்பல் இடித்துக்கொண்டிருந்தபோது குருநகர்ப் பெண் நொண்டி நொண்டி வந்து, பலகையிலிருந்த இரண்டு தண்ணீர்ப் பேணிகளையும் எடுத்துப்போய் வெளியே ஊற்றினாள். “இருந்த உப்புத் தண்ணியையும் ஊத்திப்போட்டீரோ!” என்று அதற்கும் ஒரு பேச்சு. அவள் ஏன் நொண்டுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பயிற்சி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையன்று கிடாரம் பிடித்த துணியும் அதற்குள் கிடந்தது. மஞ்சள் போட்ட கையைத் துடைத்த கறை அதில் காய்ந்திருந்தது. அழுக்குப் போகட்டும் என்று சோடாத் தண்ணீரில் போட்டேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்தது.

மஞ்சளில் சவர்க்காரமோ சோடாவோ பட்டால் சிவக்கும் என்பது துணி தோய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சிவப்பைத்தான் நான் கிடாரத்துக்குள் கண்டேன். கண்டும் செத்தல் மிளகாய் என்றேன். குருநகர்ப் பெண் திரும்பித் துப்பியது ஞாபகம் வந்தது. அறுபது பிள்ளைகள். சம்பலுக்குக் கல்லுப்புப் போட்டது எந்தச் சாமி செய்த புண்ணியமோ. துணியை அப்படியே போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

குருநகரில் தேவாலயத்தடியில் விசாரித்து அவளுடைய வீட்டைக் கண்டுபிடித்தேன். வலது காலை ஒரு மர வாங்கில் நீட்டிக்கொண்டு இருந்தாள். கணுக்கால் வரைக்கும் துணி சுற்றியிருந்தது. கணவர் கடலுக்குப் போக முடியாத நாட்களே அதிகமாம். குசினி வேலைக்குச் சான்றிதழோடு வேறொருத்தி வந்துவிட்டாளாம். என்னைக் கண்டதும் அவள் எழும்பவில்லை, சிரிக்கவும் இல்லை.

“அது சோடாத் தண்ணி, என்ன?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்ல வெளிக்கிட்டனான். வாயை மூடச் சொன்னியள்.” காலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினாள். “இன்னும் சத்தமாச் சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பியளோ அக்கா? என்ரை கை பிழைக்காது எண்டு நிண்டு சண்டை பிடிச்சிருப்பியள். நீங்கள் சண்டையை முடிக்கிறதுக்குள்ளை பிள்ளையள் சாப்பிட்டு முடிச்சிருக்குங்கள்.”

“ஐயாட்டை எண்டாலும் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்கடை குசினி போயிருக்கும். கிடாரத்தோடை போகட்டும் எண்டு கையை விட்டன். காலிலை கொட்டும் எண்டு நினைக்கேல்லை. என்னிலை பாவம் பார்த்து உங்கடை வாய் கொஞ்சம் அடங்கும் எண்டு நினைச்சன், அதுவும் நடக்கேல்லை.” பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “கோபம் இல்லையோ எண்டு கேளாதையுங்கோ. ஒவ்வொரு நாளும் உங்களைப் பேசிப் பேசித்தான் மருந்து கட்டுறனான்.”

நான் அங்கேயே இருந்து அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேத்தண்ணி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

அடுத்த நாளே சான்றிதழை எடுத்துக்கொண்டு பரிசோதகரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். சீட்டை உரித்ததையும், பேணியை உள்ளே வைத்ததையும், பார்க்காமலே கையெழுத்து வைத்ததையும் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் போனேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, சான்றிதழ் குடுக்கிறதுக்குப் படிவம் இருக்கு. திருப்பி வாங்கிறதுக்கு என்னட்டைப் படிவம் இல்லை” என்றார். இது ஒரு புது எரிச்சல். மேலிடத்துக்கு எழுதினார், பதில் வரவில்லை. மறுபடி போனேன், அவர் விடுமுறை. மூன்றாம் முறை போனபோது, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, தன் பொறுப்பில் எங்கள் இருவருக்கும் மீண்டும் ஒருநாள் பரீட்சை வைக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

அவளுக்குக் கால் ஆறிய பிறகு, அதே குசினியில் அதே பருப்பு. பெயர்ச் சீட்டுகளை நானே எழுதி ஒட்டினேன். சோடாப் பேணி வெளியே, மேலே ஒரு ஓலை மூடியோடு. இறக்குவதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளங்கையை நீட்டினேன். ஒரு சொட்டு விட்டாள். சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தேன். சமைக்கிற இடத்தில் நின்று நான் சுவை பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிட்டுது போலை” என்றேன்.

“இண்டைக்கு மட்டுமோ அக்கா?” என்றாள் அவள். “அந்த ஆறு நாளும் இப்பிடித்தான்.”

இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. என்னுடையதில் ‘இரண்டாம் முறை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அவளுக்குப் பழைய குசினி கிடைக்கவில்லை, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அடுத்த தவணை சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன், என் சமையலில் உப்புக் கூடவா என்று. “ஓம், கொஞ்சம் கூடத்தான்” என்றார்.

“எப்பவிருந்து?”

“கலியாணம் கட்டின நாள் தொடக்கம்.”

“பதினாறு வருஷமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உனக்கு ஆர் சொல்றது?” என்றார், சர்வசாதாரணமாக.

இன்று எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். விரத நாள் தவிர மற்ற நாட்களில் சமையலை இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். அது பெரிய காரியமில்லை, பழகிவிட்டது. ஆனால் யாராவது என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்துவதைக் கண்டால் மட்டும் எனக்கு உடனே அந்தக் கிடாரம் ஞாபகம் வருகிறது. என்னிடம் ஓர் உண்மையைச் சொல்வதைவிடக் கொதிக்கும் பருப்பைத் தன் காலில் கொட்டிக்கொள்வது ஒருத்திக்கு லேசாக இருந்திருக்கிறதே என்று நினைத்து, கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு, “என்ன, சொல்லுங்கோ” என்று நானே போய்க் கேட்கிறேன்.